நாள்வழி, பேரேடு, ஐந்தொகை: அன்றாட வேலையிலிருந்து பாடம் எடுக்கும் முறை

மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த மொத்த மளிகைக் கடையில் 1998-ஆம் ஆண்டு நான் எழுத்தராகச் சேர்ந்தபோது அங்கே கணினி வந்திருக்கவில்லை. சிவப்புத் துணி ஒட்டிய நீள ஏடுகள் மூன்று, கல்லாவுக்குப் பக்கத்துச் சாய்வு மேசையின்மேல் எப்போதும் இருக்கும். நடந்ததை நடந்த வரிசையில் அன்றைக்கே எழுதுவது நாள்வழி. நாள்வழியில் உள்ளதை ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்து ஏற்றுவது பேரேடு. பேரேட்டின் பற்றையும் வரவையும் கூட்டிக் கழித்து, கடை எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பது ஐந்தொகை. இந்த மூன்றையும் கடைக்காக எழுதப் பழகிய நான், எனக்காகவும் எழுதத் தொடங்கியதற்குக் காரணம் ஆறு மூட்டை மிளகாய்.

ஒரு சனிக்கிழமை மாலை, கடையில் ஆள் நெரியும் நேரத்தில், வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் ஆறு மூட்டை குண்டு மிளகாய் கேட்டார். எழுதிக்கொள்ளாமல் மனத்தில் வைத்துக்கொண்டேன்; நடுவில் இரண்டு பேருக்குப் பில் போட்டேன்; லாரி சர்வீசுக்கு மூட்டை போகும்போது என் வாயிலிருந்து வந்தது சம்பா மிளகாய். செவ்வாய்க்கிழமை சரக்கு அப்படியே திரும்பி வந்தது. போக வர லாரி வாடகை கடைக்கு நட்டம் என்றால், அந்த வாடிக்கையாளர் அவ்வாரத்துக் கொள்முதல் முழுவதையும் வேறு கடையில் முடித்துக்கொண்டது அதைவிடப் பெரிய நட்டம். கணக்குப்பிள்ளை அறுபதைக் கடந்தவர், திட்டவில்லை. "தம்பி, காது கேட்டதைக் கை எழுதலைன்னா அது கேட்காத மாதிரிதான்" என்றார். பிறகு ஒரு வெற்று நோட்டை என் பக்கம் தள்ளி, கடை ஏட்டில் தனி இனமாக ஏறாத இந்த நட்டத்தை அதில் எழுதச் சொன்னார்: யார் கேட்டார், எத்தனை மணிக்கு, அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன், எந்த இடத்தில் பிசகியது. நான்கு வரிதான் வந்தது. எழுதி முடித்தபோதுதான், நான் மறதிக்காரன் என்று அதுவரை என்னைப் பற்றி நினைத்திருந்தது தவறு என்பதும், தொலைபேசிக்குப் பக்கத்தில் பேனாவும் தாளும் இல்லாததே உண்மையான காரணம் என்பதும் தெரிந்தது. அன்று மாலையே தொலைபேசிப் பெட்டியில் நூல் கட்டி ஒரு பேனாவைத் தொங்கவிட்டேன்.

அனுபவம் தானாகவே பாடம் கற்பித்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அப்படி நடந்ததில்லை. எழுதாமல் விட்ட அனுபவம் எனக்குக் கொடுத்தது வயதை மட்டும்தான். எழுதி, தலைப்பு வாரியாகப் பிரித்து, மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்ததிலிருந்தே வேலையிலும் வீட்டிலும் என் நடத்தை சிறிதேனும் மாறியிருக்கிறது. அந்த முறையை, கணக்குத் தெரியாதவர்களும் பின்பற்றும்படி, என் கைப்பழக்கத்தில் உள்ளவாறே இங்கே சொல்கிறேன்.

நாள்வழி எழுதுவது

கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று போதும். தேதியும் கிழமையும் அச்சிட்ட டைரியை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று அது முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருப்பதால், எழுத ஒன்றுமில்லாத நாளின் வெற்றுப் பக்கம் குற்றவுணர்வைக் கிளப்புகிறது, நிறைய நடந்த நாளிலோ இடம் போதாமல் போகிறது. சாதாரண நோட்டில் எல்லாப் பக்கங்களுக்கும் முதல் நாளே கையால் எண் போட்டுவிட வேண்டும், ஏனெனில் பின்னால் பேரேடு எழுதும்போது அந்த எண்கள்தான் பயன்படும். கடைசி நாற்பது பக்கங்களைப் பேரேட்டுக்கென்று ஒதுக்கி, அங்கே ஒரு தாளை மடித்து அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

எழுதும் நேரம், வேலையை முடித்து நாற்காலியை விட்டு எழுவதற்கு முந்தைய பத்து நிமிடம். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால் பெரும்பாலும் எழுத மாட்டோம். எழுதினாலும் சரக்கு மாறியிருக்கும். எர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்து 1885-இல் அந்த ஆய்வை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்துக்குள் மிக வேகமாக நடந்து அதன் பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. அலுவலக வேலை பொருளற்ற அசைகளைப் போன்றதில்லை என்றாலும், எத்தனை மணிக்கு, யார், எந்தச் சொல்லைச் சொன்னார் என்பன போன்ற நுணுக்கங்கள் அவ்வாறே கரைந்துபோவதையும், மறுநாள் காலையில் அவற்றின் இடத்தில் நமக்கு நாமே சொல்லிக்கொண்ட சமாதானம் வந்து உட்கார்ந்திருப்பதையும் நான் பல முறை கண்டிருக்கிறேன்.

எதை எழுதுவது என்பதில் நான் நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்றைக்கு முடித்த வேலைகளில் குறிப்பிடத்தக்கது ஒன்று, யாருக்காவது கொடுத்த வாக்கு (அதற்குச் சொன்ன தேதியுடன்), பிசகியது, புதிதாகத் தெரிந்துகொண்டது. நான்கும் ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் வாக்கு மட்டும் ஒன்றுகூட விடுபடக் கூடாது. "அனுப்பிடறேன் சார்", "பார்த்துச் சொல்றேன் அக்கா", "ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்" என்று ஒரு நாளில் நாம் எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்பதை ஒரு வாரம் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். நான் முதன்முதலில் எண்ணியபோது ஒரே நாளில் பதினொன்று இருந்தது. அவற்றுள் நான்கை நிறைவேற்றும் எண்ணம், சொல்லும்போதே எனக்கு இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எழுத்தின் நடையைப் பற்றி ஒரு கட்டுப்பாடு தேவை. மற்றவர் பார்த்தாலும் "ஆம், இப்படித்தான் நடந்தது" என்று ஒப்புக்கொள்ளக்கூடியதை மட்டுமே நாள்வழியில் எழுத வேண்டும். "மேலாளர் என்னை மதிப்பதில்லை" என்று எழுதினால் அது நட்டக் கணக்கிலும் ஏறாது, இலாபக் கணக்கிலும் ஏறாது. படிக்கப் படிக்க மனம்தான் கசக்கும். அதே நிகழ்ச்சியை, "11 மணிக் கூட்டத்தில் மூன்று லாரி சர்வீஸ்களின் வாடகை ஒப்பீட்டை நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன்; மேலாளர் பாதியில் நிறுத்தி, அச்சிட்ட தாள் இருக்கிறதா என்று கேட்டார்; இல்லை; அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்" என்று எழுதினால், செய்ய வேண்டியது என்ன என்பது அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவதாகச் சொன்னது என் நோட்டில் உள்ள வரி. முதலாவதாகச் சொன்னதையும் அதற்கு மேலே எழுதியிருந்தேன், அடித்திருக்கிறேன்.

இந்த நடைக்குத் தமிழில் முன்னோடி ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-இல் தொடங்கி 1761 வரை, இடையிடையே விட்டுப்போன பகுதிகள் இருந்தாலும், நாட்குறிப்பு எழுதினார். வணிகரின் நாட்குறிப்பு அது: எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் அன்றைய பேச்சு மொழியிலேயே பதிவாகியிருக்கிறது. இலக்கியம் செய்ய வேண்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தால், இன்று அதற்கு வரலாற்று ஆவணம் என்ற மதிப்பு இருந்திருக்குமா என்பது ஐயமே. நம்முடைய நோட்டை யாரும் அச்சிடப் போவதில்லை, ஆகவே நமக்கு இன்னும் சுதந்திரம் அதிகம். தங்கிலீஷில் எழுதினாலும் பாதகமில்லை, மணியும் ஆளும் எண்ணும் இருந்தால் சரி.

கணக்குப்பிள்ளை என்னிடம் கண்டிப்பாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். நாள்வழியில் தவறாக எழுதிய தொகையை அழிக்கக் கூடாது, மையைப் பூசி மறைக்கக் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. நடுவில் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய எண்ணைப் படிக்க முடிய வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, 48-ஐ 84 என்று எழுதிய கை இன்னொரு முறையும் அப்படித்தான் எழுதும், அதைக் கண்டுபிடிக்க முதல் தப்பு கண்ணில் பட்டாக வேண்டும் என்றார். சொந்த நோட்டிலும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எழுதிய வரியும், அசட்டுத்தனமான திட்டமும், மூன்றே நாளில் கைவிட்ட உறுதிமொழியும் ஒற்றைக் கோட்டின் அடியில் அப்படியே இருக்கட்டும்.

பேரேட்டில் ஏற்றுவது

நாள்வழியோடு நின்றுவிடுகிறவர்கள் அதிகம். ஆண்டுக்கணக்கில் நாட்குறிப்பு எழுதியும் அதே இடத்தில் நிற்கும் நண்பர்களை எனக்குத் தெரியும். எழுதியதை அவர்கள் திரும்பப் பார்ப்பதில்லை. நாள்வழியில் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால், ஒரே தவறு நான்கு வார இடைவெளியில் நான்கு முறை வந்தாலும் நான்கு தனித்தனிச் செய்திகளாகத்தான் தோன்றும். பேரேட்டில் ஏற்றியதும் நான்கும் அடுத்தடுத்த வரிகளில் வந்து உட்காரும்.

வாரத்தில் ஒரு நாள், எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, அரை மணி நேரம் இதற்குப் போதும். அந்த வாரத்து நாள்வழியைப் படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு வரியும் எந்தத் தலைப்பில் சேரும் என்று பார்த்து, பேரேட்டுப் பக்கத்தில் நாள்வழியின் பக்க எண்ணும் நான்கைந்து சொற்களும் மட்டும் எழுத வேண்டும். தலைப்புகளை முன்கூட்டியே யோசித்து வைப்பது வீண். நேர்மை, உழைப்பு, பணிவு என்று அழகான தலைப்புகளைப் போட்டு நானும் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் அந்தப் பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன, ஏனெனில் நடந்தவை எவையும் அவற்றுக்குள் அடங்கவில்லை. இப்போது என் தலைப்புகள் நாள்வழியிலிருந்தே முளைத்தவை: வாயால் மட்டும் சொன்னவை, தேதி தவறியவை, தாள் இல்லாமல் போன கூட்டங்கள், மாலை ஆறுக்கு மேல் செய்தவை, வீடு, உடம்பு, எக்செல். ஒரே மாதிரி வரி மூன்றாவது முறை வந்தால் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். அதுவரை "பலவகை" என்ற பக்கத்திலேயே கிடக்கட்டும்.

"மாலை ஆறுக்கு மேல் செய்தவை" என்ற தலைப்பு எப்படி வந்தது என்பதை விரித்துச் சொல்வது இந்த முறையின் பயனை விளக்கும். 2017 சூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்தபோது நான் வேறொரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரே பெயருடைய இரண்டு வாடிக்கையாளர்கள் உண்டு. ஒருவர் திண்டுக்கல்லில், மற்றவர் தேனியில். தேனிக்காரர் வாங்கிய சரக்குக்கான பில் திண்டுக்கல்காரரின் ஜிஎஸ்டி எண்ணில் ஏறிவிட்டது. விற்பனையாளர் தாம் போட்ட பில்களின் விவரத்தை வரித்துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதிலிருந்து வாங்கியவருக்கான அறிக்கை தானாக உருவாகும். அதைப் பார்த்துத்தான் அவர், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, தம் வரிக் கணக்கைத் தாக்கல் செய்வார். தேனிக்காரரின் அறிக்கையில் எங்கள் பில் இல்லை. அவர் போனில் பேசிய பேச்சு நியாயமானதுதான். திருத்தம் போட்டு, மன்னிப்புக் கேட்டு, நாள்வழியில் எழுதினேன். "இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டேன். இப்போது பார்த்தால், அந்த ஒரு வரிதான் மொத்தப் பதிவிலும் பயனற்றது.

ஏழு மாதத்துக்குள் ஆள் மாறிய பில்கள் இன்னும் மூன்று வந்தன. பேரேட்டில் நான்கையும் வரிசையாக ஏற்றியபோது, நான்கு நாள்வழிப் பதிவுகளிலும் நேரம் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: 6.50, 7.20, 7.05, 8 மணி. நான்குமே மாதக் கடைசி நாளில், லாரி கிளம்பும் அவசரத்தில், ஆள் பெயரைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுத்துப் போட்ட பில்கள். கவனம் என்ற பொதுவான சரக்கு என்னிடம் குறைவாக இருக்கிறதா, நிறைய இருக்கிறதா என்ற விசாரணைக்கே தேவை இல்லாமல் போயிற்று. டாலி என்ற கணக்கு மென்பொருளில் வாடிக்கையாளர் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்தோம்; மாதக் கடைசி நாளில் ஆறு மணிக்கு மேல் பில் போட்டால் இன்னொருவர் ஜிஎஸ்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று வைத்தோம். அந்தத் தவறு அதன்பின் வரவில்லை. வேறு தவறுகள் வந்தன, அவற்றுக்கு வேறு பக்கங்கள் இருக்கின்றன.

கடைசி நொடியில் கண்டுபிடித்துத் திருத்திய தவறுகளையும், யாருக்கும் நட்டம் ஏற்படவில்லை என்ற காரணத்தால் விட்டுவிடாமல், பேரேட்டில் ஏற்றுங்கள். வானூர்தித் துறை இதை முறையாகச் செய்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்திவரும் ஒரு பாதுகாப்பு அறிக்கை முறையில், விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் விபத்தாகாமல் தப்பிய பிசகுகளைத் தாமாகவே எழுதி அனுப்புகிறார்கள். அனுப்பியவரின் பெயரை நீக்கிவிட்டே அவற்றை ஆராய்கிறார்கள். விபத்து அரிதாகவே நடக்கும். நூலிழையில் தப்பியவை அடிக்கடி நடக்கும். பாடம் எடுக்கப் பின்னதில்தான் சரக்கு அதிகம். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் வேறொருவரின் முகவரி இருப்பதைப் பார்த்து நிறுத்திய மின்னஞ்சல், படியில் இறங்கும்போது நினைவுக்கு வந்து ஓடிப்போய்ப் பூட்டிய பண அலமாரி ஆகியவற்றை நாம் பெருமூச்சோடு மறந்துவிடுகிறோம். என் பேரேட்டில் அவற்றுக்கு "தப்பியது" என்று ஒரு பக்கம் உண்டு, எல்லாப் பக்கங்களையும்விட அதுதான் சீக்கிரம் நிறைகிறது.

வீடு என்ற தலைப்பு

இந்த முறையைச் சொல்லும்போது, குடும்பத்தையும் கணக்காக்குவதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். மனைவி எத்தனை முறை கோபித்தார், அண்ணன் எவ்வளவு கொடுத்தார் என்று பற்று வரவு எழுதச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் வீடு விரைவிலேயே வழக்கு மன்றமாகிவிடும். வீட்டுப் பக்கத்தில் என்னுடைய வரிகளை மட்டுமே எழுதலாம் என்பது விதி. நான் என்ன சொன்னேன், என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன்.

ஓர் எடுத்துக்காட்டு. மகள் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, பள்ளியில் கேட்ட ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். "நாளைக்குப் போடறேன்மா" என்றேன். நாள்வழியில் வாக்குகளை எழுதும் பழக்கம் இருந்ததால் அதையும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பேரேட்டில் ஏற்றும்போது, ஒரே படிவத்துக்கு மூன்று "நாளைக்கு" இருந்தது. பழைய பக்கங்களைப் புரட்டியபோது கட்டண இரசீது, விளையாட்டு அனுமதிக் கடிதம் என்று அதே சொல் மேலும் ஆறு இடங்களில் இருந்தது. எல்லாமே இரவு எட்டரைக்கு மேல், நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டவை. அவள் நான்காவது முறை கேட்கவில்லை, அம்மாவிடம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் முதல், காலைக் காப்பி மேசையில் செய்தித்தாளுக்கு மேல் படிவத்தை வைத்துவிடு, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அப்பா பேப்பர் படிப்பேன் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். கல்லூரிக்குப் போன பிறகும் அவள் சில நேரம் வேண்டுமென்றே வெற்றுத்தாளை அங்கே வைப்பதுண்டு.

மாத ஐந்தொகை

மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பேரேட்டின் ஒவ்வொரு தலைப்பையும் கூட்ட வேண்டும். கூட்டுவது என்றால் இங்கே எண்ணுவது. கொடுத்த வாக்குகள் எத்தனை, சொன்ன தேதியில் முடித்தவை எத்தனை, தேதியை மாற்றிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே தெரிவித்தவை எத்தனை, சொல்லாமலே தவறவிட்டவை எத்தனை? இந்த நான்கு எண்களும் ஒரு பக்கத்தில் நிற்கும்போது, நான் நம்பகமான ஆளா என்ற கேள்விக்கு யாரையும் கேட்காமல் விடை கிடைக்கும். பிசகுகளில் புதியவை எத்தனை, பழையவையே திரும்பி வந்தவை எத்தனை என்பது அடுத்தது. புதிய பிசகுகள் கூடுவது பெரும்பாலும் புதிய வேலையைக் கற்கிறோம் என்பதற்கு அடையாளம், பழையவை திரும்புவதுதான் கவலைப்பட வேண்டியது. கற்றவற்றில், கற்ற பிறகு ஒரு முறையேனும் பயன்படுத்தியவை எவை என்று குறியிடுங்கள். எக்செல்லில் நான் காணொளி பார்த்துக் "கற்ற" சூத்திரங்களில் பாதிக்குமேல் குறியில்லாமல் கிடந்ததைக் கண்ட பிறகு, வேலையில் தேவைப்படும்வரை புதிதாக எதையும் பார்ப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தொகையின் முடிவில் அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் எழுத வேண்டும். இரண்டு எழுதினால் இரண்டும் நடப்பதில்லை என்பது என் நோட்டுகள் சொல்லும் செய்தி. அந்த மாற்றமும் பேனாவை நூலில் கட்டியதைப் போல, கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாகவோ நேரமாகவோ இடமாகவோ இருக்க வேண்டும். "பொறுமையாக இருப்பேன்" என்பது ஏற்கத்தக்கதன்று. "வாடிக்கையாளர் கோபமாக அனுப்பும் மின்னஞ்சலுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே பதில் எழுதுவேன்" என்பது ஏற்கத்தக்கது.

இடையில் வரும் தொல்லைகள் சில. நான்கு நாள் எழுதாமல் விட்டுவிட்டால், விட்டதை நினைவிலிருந்து நிரப்ப முயலாதீர்கள். நாள்வழியில் கற்பனை கலந்தால் பேரேடு முழுவதும் பொய்யாகும். "எழுதவில்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டு அன்றைய நாளிலிருந்து தொடருங்கள். கைப்பேசியில் எழுதலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எழுதலாம், தேடுவது எளிது. ஆனால் எழுதத் திறந்த கைப்பேசியில் வேறு எதையும் பார்க்காமல் மூடும் திறமை எனக்கு இல்லாததால் நான் நோட்டிலேயே இருக்கிறேன். அலுவலக இரகசியங்கள், கடவுச்சொற்கள், மற்றவர்களின் சொந்த விவரங்கள் ஆகியவற்றை இரண்டிலுமே எழுதக் கூடாது. சிலருக்கு இந்த நோட்டு தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் சவுக்காக மாறிவிடுகிறது. பிசகுப் பக்கம் மட்டும் நிறைந்து, முடித்த வேலையின் பக்கம் காலியாக இருந்தால் அதுதான் அறிகுறி. வரவை எழுதாமல் பற்றை மட்டும் எழுதுவது கணக்கே அன்று, கடையில் அப்படி எழுதினால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

முடித்த வேலைகளை எழுதி வைத்ததன் பலன் ஆண்டு இறுதி மதிப்பீட்டின்போது தெரியும். சம்பள உயர்வுப் பேச்சில் நம்மில் பலர், "கடுமையாக உழைத்தேன்" என்று பொதுப்படையாகச் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பன்னிரண்டு ஐந்தொகைப் பக்கங்களைப் புரட்டி, ஆறு வரிகளை எடுத்து, எந்த மாதம் எந்த வேலை, அதனால் எத்தனை நாள் மிச்சம், எவ்வளவு தொகை வசூல் என்று ஒரே தாளில் கொண்டுபோய் வைத்தால் பேச்சின் தரமே மாறுகிறது. அந்தத் தாளில் நமது பிசகு ஒன்றையும், அதைச் சரிசெய்த விதத்தையும் சேர்ப்பது நல்லது. மேலதிகாரிக்கு அது எப்படியும் நினைவிருக்கும். நாமே எழுதிக் கொண்டுபோனால் அவர் அதை எடுத்துப் போட வேண்டியதில்லை.

பிறரை வழிநடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கீழ் வேலை செய்பவர்களை இப்படி எழுதச் சொல்லலாம், ஆனால் எழுதியதைக் காட்டச் சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் நான் அந்தத் தவறைச் செய்தேன். வாரந்தோறும் நோட்டைச் சரிபார்க்கிறேன் என்றதும், என் பிரிவில் இருந்த மூன்று பேரின் நோட்டிலும் பிசகுகளே இல்லாத பொற்காலம் தொடங்கிவிட்டது. என் நோட்டில் என் பிசகு ஒன்றை நான் வாசித்துக் காட்டிய வாரத்தில்தான், அவர்களில் ஒரு பையன், "சார், என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்று வாய் திறந்தான்.

நோட்டு முடியும்போது கடைக்காரர்கள் செய்வதையே செய்யுங்கள். புதுக்கணக்கு ஏட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, பழைய ஏட்டின் பாக்கிகளை முதல் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து எழுதுவார்கள். பழைய கடன் புது ஏட்டில் தள்ளுபடியாவதில்லை. மஞ்சள் உங்கள் விருப்பம். முடியாத வாக்குகளையும், இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கும் பிசகுகளையும், கற்கத் தொடங்கிப் பாதியில் விட்டவற்றையும் பழைய பக்க எண்ணோடு முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இனித் தேவையில்லை என்று தோன்றுவதை அங்கேயே ஒற்றைக் கோட்டால் அடித்து, கைவிட்டேன் என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டுவிடலாம்.

என்னுடைய இப்போதைய நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று பாக்கிகள் இருக்கின்றன. மூன்றாவது, கணக்குப்பிள்ளையின் ஊருக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவதாக அவருடைய மகனிடம் தொலைபேசியில் சொன்னது. நான்கு நோட்டுகளாகப் பக்க எண் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது. இந்த மாத ஐந்தொகையின் கீழ், மாற்றம் என்ற இடத்தில், 14-ஆம் தேதி காலை 6.15 பேருந்து என்று எழுதியிருக்கிறேன்.